பிளஸ் டூ-வுக்கு டூர் கிடையாது!

அரையாண்டுத் தேர்வு வாசலில் வந்து நிற்கிறது. இந்த நேரத்தில் உட்கார்ந்து என்ன எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா கேட்டால் "அசைன்மெண்ட்" என்று சொல்வதாக இருக்கிறேன். யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள் :-)

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் எங்கள் வகுப்புக்கு மூன்று செய்திகள் சொல்லப்பட்டன.

ஒன்று: பன்னிரண்டாம் வகுப்புக்கு இந்த ஆண்டு சுற்றுலா கிடையாது. மற்ற வகுப்புகளுக்கு உண்டு.

இரண்டு: பி.இ.டி. பீரியட் இனிமேல் கணக்குக்கும் வேதியியலுக்கும் போய்விடும்.

மூன்று: நூலகத்தில் எடுத்த புத்தகங்களை இந்த வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பொதுத்தேர்வு முடியும்வரை பிளஸ் டூ-வுக்குப் புத்தகம் தர மாட்டார்கள்.

முதல் செய்திக்கு மொத்த வகுப்பும் "ஓ...." என்று கத்தியது. இரண்டாவதற்குப் பாதி வகுப்பு கத்தியது. மூன்றாவதற்கு நாலு பேர். அந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அன்றைக்கு சாயங்காலம் பசங்களோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. டூர், விளையாட்டு, புத்தகம் என்று மூன்றாகச் சொன்னாலும் அடைத்தது ஒரே கதவைத்தான். பாடப்புத்தகத்துக்கு வெளியே போகிற கதவு. மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் ஊரில் அந்தக் கதவை அடைப்பது ரொம்பத் தப்பு என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர்

சென்னைக்கு வடக்கே, அத்திப்பட்டுக்கும் மீஞ்சூருக்கும் பக்கத்தில் இருக்கிறது வள்ளூர். வல்லூர் என்றும் எழுதுவார்கள். எப்படி எழுதினாலும் தூசு ஒன்றுதான். தலா 500 மெகாவாட்டில் மூன்று யூனிட், ஆக மொத்தம் 1500 மெகாவாட் அனல் மின் நிலையம் ஒன்று எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. (அப்படியுமா உங்கள் தெருவில் கரண்ட் கட் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாரிடமும் பதில் கிடையாது.) இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் வட சென்னை அனல் மின் நிலையம், 2001-ல் கப்பல் வரத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்), காட்டுப்பள்ளித் துறைமுகம், 2010-ல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். என் அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எந்த கேட்டில் எத்தனை மணி நேரம் வண்டி நிற்கும் என்று அவருக்கு மனப்பாடம்.

இதெல்லாம் நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது. பூண்டி ஏரி இருக்கிறதே, 1944-ல் கட்டி முடித்தது, அது இந்த ஆற்றின் குறுக்கே கட்டியதுதான். கொசஸ்தலை ஆறு. எண்ணூரில் கடலில் சேர்கிறது. பதினேழு வருஷமாக இந்த ஆற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். இந்த வருஷம் காலாண்டு விடுமுறை வரைக்கும் ஒரு தடவைகூட அதைப் போய்ப் பார்த்ததில்லை.

டூர்

இதுவரை பள்ளியில் போன டூர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் வண்டலூர் உயிரியல் பூங்காவும் மாமல்லபுரமும். பதினொன்றில் ஒரு தீம் பார்க். விடியற்காலை 4 மணிக்கு ஸ்கூல் வாசலில் அம்மாக்கள் கூட்டம், புளி சாதம், பஸ் கிளம்பினதும் பாட்டு, திரும்பி வரும்போது பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் வாந்தி. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைக் குறை சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.

ஆனால் பாருங்கள், சென்னையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் சிங்கத்தைப் பார்த்துவிட்டோம். ஐந்து ரூபாய் டிக்கெட்டில் பார்க்கக்கூடியதைப் பார்க்கவில்லை.

காலாண்டு விடுமுறையில் என் நண்பன் ஒருவன் கூப்பிட்டான். பெயர் வேண்டாம், நண்பன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் அம்மா பிறந்த வீடு எண்ணூர் பக்கம் ஒரு மீனவர் குப்பம். "சும்மா வாடா, மாமா போட்ல கூட்டினு போவாரு" என்றான். அத்திப்பட்டு புதுநகரில் ரயில் ஏறி எண்ணூரில் இறங்கினோம். ஒரே ஒரு ஸ்டேஷன். இரண்டுக்கும் நடுவில் ரயில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும். நூறு தடவையாவது அந்தப் பாலத்தில் போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நான் பார்த்தது செல்போனை.

மாமாவின் படகில் ஏறினோம். சின்னப் படகு. கொஞ்ச தூரம் போனதும் ஒரு பக்கம் பச்சையாக அடர்த்தியாகப் புதர் மாதிரி. கிட்டப் போனால் தண்ணீருக்கு மேலே, சேற்றில், ஆயிரக்கணக்கில் பென்சில் நட்டு வைத்த மாதிரி குச்சி குச்சியாக நிற்கிறது.

"இன்னாடா முழிக்கிற, வேருடா இது" என்றான் நண்பன். "கீழ சேத்துல காத்து இருக்காது. அதான் மூச்சு விட மேல வருது. ஓதம் ஏறும்போது முழுகிடும். எறங்கும்போது பார்க்கணும், நண்டு எல்லாம் இதுக்குள்ளதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எங்கள் தாவரவியல் பாடம் மக்களே! உவர்நிலத் தாவரங்களின் தகவமைப்பு. அலையாத்தி மரம், சுவாச வேர்கள், மரத்தில் இருக்கும்போதே விதை முளைப்பது. நான் அதை நாலு பாயிண்டாக மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். இவன் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டு வந்தவன். காலாண்டில் தாவரவியல் ஃபெயில். இவன் எனக்கு அலையாத்தி மரத்தைக் காட்டிப் பாடம் நடத்துகிறான். முளைத்த காயைப் பறித்துப் பிளந்து காட்டுகிறான்.

"இதையே பரீட்சையில எழுதியிருக்கலாமேடா" என்றேன்.

"புக்குல இருக்கிறது இதுதான்னு யார்ரா சொன்னாங்க?" என்றான்.

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து யாராவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவனையும் எங்களையும் அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவனுக்கு அந்த மதிப்பெண் கிடைத்திருக்கும். எங்களுக்கு அந்த மரம் கிடைத்திருக்கும்.

மாமா அதிகம் பேசாதவர். ஆனால் ஒரு இடத்தில் படகை நிறுத்தி மூங்கிலைத் தண்ணீருக்குள் விட்டார். முழங்கால் ஆழம்தான். "நான் சின்னப் பையனா இருந்தப்போ இங்க ஆளே முழுகும் தம்பி" என்றார். மூங்கிலை வெளியே எடுத்தபோது அடியில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது. நிலக்கரிச் சாம்பல் இந்த ஆற்றில் கலந்ததைப் பற்றி பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் வழக்கு போனது பேப்பரில் வந்திருக்கிறது. பேப்பரில் படிப்பது வேறு, மூங்கிலில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்ப்பது வேறு.

இறால், மடவை, கொடுவா, நண்டு என்று முன்பு கிடைத்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து இந்த முகத்துவாரத்தில் படிந்தபோது, வலையையும் படகையும் கழுவிக் கழுவியே கை வெந்துபோனது என்றார். அதே டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலோரத்தில் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்களே, அந்த இரவைப் பற்றிக் கேட்டேன். "மூச்சு அடைச்சுது, ஓடினோம்" என்று மட்டும் சொன்னார்.

அம்மோனியாவும் எங்கள் வேதியியல் புத்தகத்தில் இருக்கிறது. தயாரிக்கும் முறை, பண்புகள், பயன்கள், எல்லாம் இருக்கிறது. நிறமற்றது, நெடியுடையது, நீரில் நன்றாகக் கரையும். நீரில் கரையும் என்றால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும் என்று அந்தப் பாடத்தை எடுக்கும்போது யாராவது சேர்த்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? எண்ணூர் பக்கத்துப் பிள்ளைக்கு இது பொது அறிவு இல்லை, உயிர் காக்கும் அறிவு.

இப்போது சொல்லுங்கள், இது டூரா, பாடமா?

அரசாங்கம் டூரே கூட்டிப்போவதில்லை என்று சொல்ல மாட்டேன். போட்டிகளில் ஜெயித்த அரசுப் பள்ளி மாணவர்களை 2022 நவம்பரில் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் பள்ளிக்கல்வித் துறை கூட்டிப்போனது. ஷார்ஜா புத்தகக் கண்காட்சியைக்கூடப் பார்த்துவிட்டு வந்தார்கள். விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த பிள்ளைகள் விமானத்தில் போனார்கள். கைதட்ட வேண்டிய விஷயம். என் கோரிக்கை ரொம்பச் சின்னது. ஜெயித்தவர்களுக்கு ஷார்ஜா காட்டுங்கள், ஜெயிக்காத எங்களுக்கு எண்ணூரையாவது காட்டுங்கள்.

சாதனை

எங்கள் பள்ளி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் இருக்கிறது. போன வருஷம் அதிக மதிப்பெண் வாங்கிய அக்கா, அண்ணன்களின் படங்கள். பக்கத்தில் பெரிதாக மார்க். 600-க்கு இவ்வளவு என்று. வடக்கே பொன்னேரி வரைக்கும் தெற்கே திருவொற்றியூர் வரைக்கும் எந்தப் பள்ளி வாசலுக்குப் போனாலும் இதே டிசைன்தான். படம் மட்டும் மாறும்.

இதில் ஒரு வேடிக்கை. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு அழுத்தம் வேண்டாம் என்றுதான். அரசு நிறுத்தியதை ஃபிளெக்ஸ் கடைக்காரர் நிறுத்தவில்லை :-)

அந்தப் படங்களில் இருப்பவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை (கொஞ்சம் இருக்கிறது). அவர்கள் உழைத்தார்கள், சாதித்தார்கள். நான் கேட்பது, அது மட்டும்தான் சாதனையா என்பதை.

புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அப்போது அவருக்கு 17 வயது, அதாவது எங்கள் வயது. முதலமைச்சர் ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். எங்கள் பள்ளியிலும் பிரேயரில் அவரைப் பற்றிச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்கள். நன்றாகத் தட்டினோம்.

எங்கள் பள்ளியில் இரண்டு கேரம் போர்டு இருக்கிறது. பி.இ.டி. ரூமில், பூட்டுக்குள். அந்த பீரியட்தான் இப்போது கணக்குக்குப் போய்விட்டது.

நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை. ஆனால் பாருங்கள், ஜெயித்த பிறகு கைதட்டத் தயாராக இருக்கிறோம். ஜெயிப்பதற்கு முன்னால் போர்டைத் திறந்து கொடுக்கத் தயாராக இல்லை. காசிமா மாதிரி ஒருவர் வருவதற்கு முன்னால் வடசென்னைத் தெருக்களில் எத்தனை ஆயிரம் பேர் கேரம் ஆடியிருப்பார்கள்? ராயபுரத்திலும் காசிமேட்டிலும் போய்ப் பாருங்கள், சந்து சந்தாக கேரம் கிளப். அந்த ஆயிரம் பேர் ஆடியதால்தான் ஒருவர் அமெரிக்கா போனார்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய அம்மா காலை ஷிப்டுக்குப் போய்விடுவார். இரண்டு தம்பிகளுக்குச் சமைத்து, பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவளும் ஒரு நாள்கூட லேட்டாக வராமல் பிளஸ் ஒன் முடித்தாள். இன்னொருவன் காலை நான்கரைக்குப் பேப்பர் போடுகிறான். மூன்றாவதாக அலையாத்திக் காட்டைப் பார்க்காமலே வரையத் தெரிந்த என் நண்பன். இவர்களுக்கு எந்த ஃபிளெக்ஸிலும் இடமில்லை. ஃபிளெக்ஸ் வேண்டாம், பள்ளியில் ஒரு கரும்பலகையின் ஓரத்தில் ஒரு வாரம் பெயர் இருந்தால்கூடப் போதும். காசு செலவில்லை, ஒரு சாக்பீஸ்தான்.

வாசிப்பு

நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-ல் எழுதியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்குத்தான் என்பது அவருடைய முதல் விதி. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் வந்ததும் நம் சென்னை மாகாணத்தில்தான், 1948-ல். அந்தச் சட்டத்தால்தான் வீட்டு வரியோடு நூலக வரியும் நம் வீடுகளில் கட்டுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிளஸ் டூ மாணவனிடமிருந்து புத்தகத்தைத் திரும்பப் பிடுங்குவது ரங்கநாதனுக்குத் தெரிந்தால் ஆறாவது விதி எழுதியிருப்பார்.

சரி, அவர்கள் தராவிட்டால் போகட்டும். நானே ஒரு பட்டியல் தருகிறேன். எல்லாம் நான் படித்தவை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படித்தால் "அட, இது நம்ம கதை" என்று சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியவை.

1. தண்ணீர் - அசோகமித்திரன். 1970-களில் வந்த நாவல். ரொம்பச் சின்னது, ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். சென்னையில் தண்ணீர் இல்லாத ஒரு தெருவில் குடத்தோடு அலைகிற பெண்களின் கதை. மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி எடுத்ததில் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது என்பது தெரியுமா? எங்கள் ஆயா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு காலத்தில் சோறு வடித்தார்கள், இப்போது துணிகூட நுரைக்காது. இதே மீஞ்சூர் பக்கம்தான் கடல் நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்ப நிலையம் கட்டினார்கள். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடிய நிலையம். நாவலைப் படித்துவிட்டுக் குழாயைத் திறந்தால் கொஞ்ச நேரம் கையை எடுக்க மனசு வராது.

2. கரிப்பு மணிகள் - ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். அந்த அம்மா அந்த ஊருக்கே போய், அந்த ஜனங்களோடு பேசி எழுதினாராம். அத்திப்பட்டுப் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு இதில் வரும் வெயில் தெரியும். இவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். அதனால் "புக் கிடைக்கல" என்று சாக்குச் சொல்ல முடியாது.

3. கடல்புரத்தில் - வண்ணநிலவன். தென்கோடி மீனவர் ஊர், நாட்டுப் படகுக்கும் விசைப்படகுக்கும் நடக்கிற சண்டை. மாமாவின் படகில் போய்வந்த பிறகு படித்தேன். படகை விற்க முடியாமல் ஒருவர் படுகிற பாடு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று அதற்கு முன்னால் படித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்காது.

4. வானில் பறக்கும் புள்ளெலாம் - சு.தியடோர் பாஸ்கரன். கட்டுரைகள். பறவைகள், காட்டுயிர் பற்றி நல்ல தமிழில் எழுத முடியும் என்று காட்டியவர். இதைப் படித்துவிட்டு பழவேற்காடு போங்கள். பூநாரைகளை வெறும் "பிங்க் கலர் கொக்கு" என்று சொல்ல மாட்டீர்கள்.

பழவேற்காடு என்றதும் ஒரு அவமானத்தைச் சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் புலிகாட்டில் கோட்டை கட்டினார்கள் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்குப் படித்தோமே, 1613, கெல்ட்ரியா கோட்டை.... அந்தப் புலிகாட்டும் எங்கள் பொன்னேரியிலிருந்து பஸ் போகிற பழவேற்காடும் ஒன்றுதான் என்று எனக்குப் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை தெரியாது. ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தேன். அங்கே பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைகள் இன்றைக்கும் இருக்கின்றன. நானூறு வருஷத்து வரலாறு பஸ் தூரத்தில் இருக்கிறது, நாங்கள் அதை எங்கோ ஹாலந்து பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

புத்தகமும் டூரும் சேர்ந்தால்தான் இரண்டும் முழுசாகிறது என்று சொல்ல வருகிறேன். படகில் போகாமல் 'கடல்புரத்தில்' பாதிதான் புரியும். தியடோர் பாஸ்கரனைப் படிக்காமல் பழவேற்காடு போனால் செல்ஃபி மட்டும்தான் மிஞ்சும்.

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

இயற்பியல் சாரிடம் இதையெல்லாம் சொன்னேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை. "டேய், ஒரு வருஷம்தாண்டா. பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படிங்க. டூரு அப்புறம் வாழ்க்கை பூரா போகலாம்" என்றார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-ல் வந்தது, அடுத்த வருஷம் பொறியியலுக்கும் வந்தது. அந்தக் கதவைத் திறக்கிற சாவி மார்க்தான், வேறொன்றும் இல்லை. நாலு நாள் டூர் போய் வந்து பத்து மார்க் குறைந்தால் சார் வந்து பதில் சொல்ல முடியாது. வழியில் ஒரு விபத்து என்றால் முதலில் பிடிப்பது அவரைத்தான். இதெல்லாம் உண்மை.

ஆனால் நான் நாலு நாள் கேட்கவில்லை சார். மார்க் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு சனிக்கிழமை. காலையில் அத்திப்பட்டு புதுநகரில் ரயில், எண்ணூரில் முகத்துவாரமும் அலையாத்தியும், மதியம் மீஞ்சூர் வழியாகத் திரும்பி பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். தாவரவியலில் ஒரு பாடம், வேதியியலில் ஒன்று, வரலாற்றில் ஒன்று ஒரே நாளில் முடிந்துவிடும். தீம் பார்க் டிக்கெட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

பிளஸ் டூ-வில் முடியவே முடியாது என்றால் பிளஸ் ஒன்னில் செய்யுங்கள். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை இந்த 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைசியாக எழுதிய பேட்ச் நாங்கள்தான் (எங்கள் ராசி அப்படி). எங்களுக்குப் பின்னால் வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வருஷம் மூச்சு விடக் கிடைத்திருக்கிறது. அந்த வருஷத்திலும் பிளஸ் டூ பாடத்தையே ஆரம்பித்துவிடாமல், அவர்களுக்கு ஆற்றைக் காட்டுங்கள், புத்தக அலமாரியைத் திறந்துவிடுங்கள், கேரம் போர்டை எடுத்துப் போடுங்கள்.

"டூரு வாழ்க்கை பூரா போகலாம்" என்பதில் எனக்குள்ள சந்தேகம் ஒன்றுதான். எல்லோருக்கும் அது கிடைக்குமா?

என் நண்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு ஆற்றில் முன்னைப் போல் வருமானம் இல்லை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. பிளஸ் டூ முடித்ததும் கான்ட்ராக்டில் ஏதாவது வேலைக்குப் போய்விடுவேன் என்கிறான். எங்கள் பக்கம் கான்ட்ராக்ட் வேலை என்றால் என்ன என்று தெரியும். நாங்கள் படகில் போய்வந்த அதே விடுமுறையில், செப்டம்பர் 30-ம் தேதி, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் அசாமிலிருந்து வந்தவர்கள். அவர்களிடமும் யாராவது ஒரு காலத்தில், இப்போது படி, மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பார்கள்.

அவனுக்குப் பள்ளிக்கூடம் இன்னும் நாலு மாசம்தான். அந்த நாலு மாசத்தில் அவனுக்குத் தெரிந்த ஒன்றை, அவனுக்குத் தெரியும் என்று ஒரு வாத்தியார் முன்னாலும் நாற்பது பிள்ளைகள் முன்னாலும் அவன் ஒரு தடவை காட்ட வேண்டும். "தாவரவியல் ஃபெயில்" என்ற எண்ணத்தோடு மட்டும் அவன் வெளியே போகக்கூடாது. இதற்காகத்தான் ஒரு சனிக்கிழமை கேட்கிறேன்.

நாங்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். படித்துப் பார்த்துவிட்டு "பார்க்கலாம்" என்றார். எங்கள் ஊரில் "பார்க்கலாம்" என்றால் பாதி "இல்லை" என்று அர்த்தம். மீதிப் பாதியை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

படிக்கிற நீங்கள் எந்த ஊரோ தெரியாது. உங்கள் பள்ளியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் நீங்கள் இதுவரை பார்க்காத எது இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்கள் வகுப்பில் அதை நன்றாகத் தெரிந்த ஒருவர் கடைசி பெஞ்சில் இருப்பார். அவரைக் கேளுங்கள், கூட்டிப்போவார்.

பி.கு.: 'தண்ணீர்' என்னிடம்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது அது என் நண்பனிடம் இருக்கிறது. முப்பது பக்கம் தாண்டிவிட்டானாம். நூலகர் மேடம் இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும். அபராதம் நான் கட்டிவிடுகிறேன்.